வரி கட்டாதவருக்கும் ரீஃபண்ட் உண்டு: வீட்டாவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, நியூ ஜெர்சியில் ஒரு நூலகத்தின் கீழ்த்தளம். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த அக்கா மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பையை வைத்திருந்தார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்: வாடகை ரசீது, மின்சார பில், மகளுடைய பள்ளியிலிருந்து வந்த கடிதம். பையின் அடியில் நான்காக மடித்த மூன்று டபிள்யூ-2 தாள்கள், அதாவது வேலை கொடுத்தவர் தரும் வருடச் சம்பளக் கணக்கு. 2022, 2023, 2024 என்று வருடத்துக்கு ஒன்று.

"எனக்குச் சம்பளத்துல வருமான வரியே பெருசா பிடிக்கல தம்பி. கட்ட வேண்டியது ஒண்ணும் இல்ல, ஃபைல் பண்ணத் தேவையில்லன்னு வேலை செய்யற இடத்துல சொன்னாங்க. அதான் விட்டுட்டேன்."

கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். மூன்று வருடமும் அவருடைய சம்பளம் 18,000 முதல் 19,000 டாலருக்குள். தனியாக மகளை வளர்க்கிறவருக்கு அந்தச் சம்பளத்தில் வருமான வரி வராது. ஆனால் வாங்க வேண்டியது இருந்தது. ஒரு குழந்தை உள்ளவருக்கு 2022க்கு 3,733 டாலர், 2023க்கு 3,995, 2024க்கு 4,213. மூன்றையும் கூட்டினால் 11,941 டாலர். குழந்தைக்கான கிரெடிட் என்ற வரிச் சலுகையில் கையில் கிடைக்கும் பகுதி இதற்கு மேல் 1,500, 1,600, 1,700. மாநிலம் தருவது தனி. கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது தப்பாகச் சொல்கிறேனோ என்ற பயம் அதில் தெரிந்தது.

வீட்டா (VITA) என்ற இலவச வரி உதவித் திட்டத்தில் சேர்ந்து, இப்படி ஒருவரின் எதிரே உட்கார விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்குப் பட்டம் வேண்டாம். அமெரிக்க வரிச் சட்டம் முழுக்கத் தெரிய வேண்டாம். பொறுமையாகக் கேள்வி கேட்கத் தெரிந்தால் மீதியைக் கற்றுக்கொள்ளலாம்.

இது என்ன பணம்?

எர்ன்ட் இன்கம் டாக்ஸ் கிரெடிட் என்பது முழுப் பெயர், சுருக்கமாக இ.ஐ.டி.சி. 1975இல் தற்காலிக ஏற்பாடாக வந்தது, 1978இல் நிரந்தரமானது. வேலை செய்து சம்பாதிக்கிற, ஆனால் சம்பளம் குறைவாக உள்ள குடும்பங்களுக்கு உரியது. கட்ட வேண்டிய வருமான வரியை முதலில் இது அடைக்கும். அடைத்தது போக மிச்சம் இருந்தால் அது ரீஃபண்டாகக் கைக்கு வரும். வரியே இல்லாதவருக்கு முழுத் தொகையும் வரும். ஆனால் தானாக வராது. ரிட்டர்ன் தாக்கல் செய்து கேட்க வேண்டும். தகுதி உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் கேட்காமலே விட்டுவிடுகிறார் என்று அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸே சொல்கிறது.

"இது இலவசமா? நாம கை நீட்டி வாங்கணுமா?" என்று நம் ஆட்கள் கேட்பார்கள். நான் அவர்களுடைய சம்பளச் சீட்டையே காட்டுவேன். வருமான வரி பிடிக்காத சீட்டிலும் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குமாக 7.65 சதவீதம் முதல் டாலரிலிருந்தே பிடித்திருப்பார்கள். அந்தச் சுமையைக் குறைக்கத்தான் இந்த கிரெடிட்டையே முதலில் கொண்டுவந்தார்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை என்பதை நான் மனதாரச் சொல்வேன், நீங்களும் சொல்லுங்கள்.

கிரெடிட்டின் போக்கு ஒரு சின்னக் குன்று மாதிரி. சம்பாத்தியம் கூடக் கூட கிரெடிட்டும் ஏறும், ஒரு கட்டத்தில் சமமாக நிற்கும், அதற்கு மேல் மெல்ல இறங்கி ஒரு இடத்தில் பூஜ்யமாகும். 2025ஆம் வருடச் சம்பாத்தியத்துக்கு, அதாவது 2026இல் தாக்கல் செய்வதற்கு, உச்சத் தொகை இப்படி: குழந்தை இல்லாதவருக்கு 649 டாலர், ஒரு குழந்தைக்கு 4,328, இரண்டுக்கு 7,152, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 8,046. ஒரு குழந்தையோடு தனியாக இருப்பவர் 50,434 டாலரைத் தாண்டினால் கிடையாது. இரண்டு குழந்தைகளோடு சேர்ந்து தாக்கல் செய்யும் கணவன் மனைவிக்கு அந்த வரம்பு 64,430. வட்டி, பங்கு ஆதாயம் போன்றவை 11,950 டாலரைத் தாண்டினாலும் கிடையாது. எண்கள் வருடா வருடம் மாறும், மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். நியூ ஜெர்சியில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது, பங்கில் ஆள் நின்றுதான் போட வேண்டும். அப்படி நிற்கிற அப்பா, கிடங்கில் பகுதி நேரமாகப் பொட்டலம் கட்டுகிற அம்மா, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் சேர்த்து 2025இல் 36,000 டாலர். இவர்களுக்குக் கிரெடிட் இறங்கத் தொடங்கும் இடம் 30,470. அதைத் தாண்டிய 5,530 டாலரில் 21.06 சதவீதத்தை உச்சத் தொகையிலிருந்து கழிக்க வேண்டும். 7,152இல் சுமார் 1,165 போனால் மிச்சம் ஏறக்குறைய 5,987.

அடுத்து குழந்தைக்கான கிரெடிட். 2025க்கு ஒரு குழந்தைக்கு 2,200 வீதம் இரண்டு பேருக்கு 4,400. வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் நிலைக் கழிவான 31,500 போக இவர்களுக்கு வரி சுமார் 450 டாலர்தான். அது அடைபடும். மீதியில் ஒரு குழந்தைக்கு 1,700 வரை கையில் தருவார்கள், ஆக 3,400. இரண்டையும் கூட்டினால் 9,387 டாலர். சம்பளத்தில் வருமான வரி பிடித்திருந்தால் அதுவும் திரும்பும். நியூ ஜெர்சி தன் பங்காக இ.ஐ.டி.சி.யில் 40 சதவீதம் தருகிறது, அது சுமார் 2,395. ஒரு தாளும் தாக்கல் செய்யாவிட்டால் இந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது பூஜ்யம்.

முதல் படி: எங்கே சேர்வது, என்ன படிப்பது

வீட்டா என்பது குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக ரிட்டர்ன் தயாரித்துக் கொடுக்கும் திட்டம். ஐ.ஆர்.எஸ். பயிற்சியும் மென்பொருளும் தரும். நூலகங்கள், கல்லூரிகள், தேவாலயங்கள், தொண்டு அமைப்புகள் உள்ளூரில் நடத்தும். 2025 நிலவரப்படி, பொதுவாகச் சுமார் 67,000 டாலர் வரை வருமானம் உள்ளவர்களுக்கு இதில் இடம் இருந்தது. பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொள்ள 800-906-9887 என்ற எண்ணில் கேட்கலாம். குடும்பங்களுக்கும் நீங்கள் கொடுக்க வேண்டிய எண் அதுதான்.

சேர்வதற்கு நல்ல நேரம் அக்டோபர், நவம்பர். ஜனவரி கடைசியில் வந்து நின்றால் மையத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு உங்களைப் பழக்க நேரம் இருக்காது. தேர்வுகள் இணையத்திலேயே நடக்கும். எல்லோரும் நடத்தை விதிகள் பற்றிய தேர்வை எழுத வேண்டும். ரிட்டர்ன் தயாரிப்பவர்கள் குடும்பத்திடம் விவரம் கேட்கும் முறை பற்றிய தேர்வையும், வரிச் சட்டத்தில் பேசிக் அல்லது அட்வான்ஸ்ட் தேர்வையும் சேர்த்து எழுத வேண்டும். 80 சதவீதம் தேர்ச்சி. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம். அந்தப் புத்தகம் பப்ளிகேஷன் 4012. அச்சுப் பிரதி கிடைத்தால் வாங்கி, ஓரத்தில் வண்ணச் சீட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். ஐந்தாறு வருடம் செய்தவர்கள்கூட அதைப் புரட்டாமல் பதில் சொல்ல மாட்டார்கள், குடும்பத்தின் கண் முன்னாலேயே புரட்டுவார்கள். அது நல்ல பழக்கம்.

கணக்கு பயம் என்றால் வரவேற்பு மேசையிலோ மொழிபெயர்ப்பிலோ தொடங்குங்கள். வருகிறவர்களில் தமிழர்கள் கொஞ்சம் பேர்தான். எங்கள் பக்கம் ஸ்பானிஷ் பேசுகிறவர்களும் குஜராத்திக் குடும்பங்களும்தான் அதிகம். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரில், தமிழில் கேட்டால் மட்டும் வாய் திறக்கும் ஒரு பாட்டி இருப்பார். அவருக்கு நீங்கள் வேண்டும்.

இரண்டாம் படி: கதவு வரைக்கும் கொண்டுவருவது

தகுதி உள்ளவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "வருமான வரி உதவி" என்று எழுதி ஒட்டினால் யாரும் வர மாட்டார்கள், ஏனென்றால் தங்களுக்கு வரி இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "வேலை செய்தீர்களா? பிள்ளைகள் இருக்கிறார்களா? உங்களுக்குப் பணம் வர வேண்டியிருக்கலாம்" என்று எழுதுங்கள். மளிகைக் கடையின் அறிவிப்புப் பலகை, கோயில் அன்னதான வரிசை, துணி துவைக்கும் கடை, தமிழ்ப் பள்ளி வாட்ஸாப் குழு எல்லாம் நல்ல இடங்கள். ஜனவரி இரண்டாம் வாரத்திலேயே ஒட்டிவிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான், இருபது நிமிடத்தில் முடித்துக் கட்டணம் வாங்கும் கடைக்குப் போகுமுன் உங்களிடம் வருவார்கள்.

அந்தக் கடைகளில் நேர்மையானவையும் உண்டு. அல்லாதவற்றை அடையாளம் காண மூன்று விஷயம் போதும். ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு தயாரித்த ரிட்டர்னில் தன் கையெழுத்தும் பதிவு எண்ணும் போட மறுத்தால் எழுந்து வந்துவிட வேண்டும். ரீஃபண்ட் தன் கணக்குக்கு வரட்டும் என்றால் அப்போதும் அதேதான். ஒரு முறை என்னிடம் வந்த ஒரு சமையல்காரர், போன வருடம் வேறு இடத்தில் போட்ட ரிட்டர்னைக் காட்டினார். அவர் வாழ்க்கையில் செய்யாத ஒரு முடி திருத்தும் தொழிலும் அதில் வருமானமும் எழுதியிருந்தது. கிரெடிட்டை உச்சத்துக்கு ஏற்றுவதற்காக அதைச் செய்திருக்கிறார்கள். கட்டணத்தைக் கடைக்காரர் அப்போதே எடுத்துக்கொண்டுவிட்டார். அசலும் வட்டியும் அபராதமும் கேட்டு ஐ.ஆர்.எஸ். கடிதம் வந்தது சமையல்காரருக்கு.

மூன்றாம் படி: என்னென்ன தாள்கள்

வரச் சொல்லும்போதே தொலைபேசியில் இதைச் சொல்லுங்கள். புகைப்பட அடையாள அட்டை. வீட்டில் உள்ள எல்லோருடைய சோஷியல் செக்யூரிட்டி அட்டை, குழந்தைகளுடையதும்தான். எல்லா டபிள்யூ-2, சம்பளம் அல்லாத வருமானத்துக்கு வரும் எல்லா 1099 தாள்கள். குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டியிருந்தால் அவர்களுடைய வரி எண்ணும் ரசீதும். அரசின் காப்பீட்டுச் சந்தை வழியாக மருத்துவக் காப்பீடு வாங்கியிருந்தால் 1095-ஏ தாள். போன வருட ரிட்டர்ன். வங்கிக் கணக்கின் இரண்டு எண்கள். காகிதக் காசோலையாக ரீஃபண்ட் அனுப்புவதை 2025 செப்டம்பர் 30க்குப் பிறகு ஐ.ஆர்.எஸ். படிப்படியாக நிறுத்திவருகிறது. அதனால் வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு அதைத் திறக்க உதவுவதே முதல் வேலை. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் இருவரும் வர வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிற வீட்டில் இதுதான் பெரிய சிக்கல். அவர்களுக்கு மாலை நேரத்தைப் பிடித்துக் கொடுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி அட்டையை வாங்கி, வேலை பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் எழுதியிருக்காவிட்டால் சரி. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அனுமதியோடுதான் வேலைக்குச் செல்லும் என்று இருந்தால், அந்த அனுமதி நடப்பில் இருக்கும்வரை இ.ஐ.டி.சி.க்கு அதுவும் சரி. வேலைக்குச் செல்லாது என்று இருந்தால் நிறுத்தி, மூத்தவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். சில சமயம் பழைய அட்டையில் அப்படி இருக்கும், ஆனால் அவர் இப்போது கிரீன் கார்டு அல்லது குடியுரிமை வாங்கியிருப்பார். அட்டையை மாற்றாமல் விட்டிருப்பார், அவ்வளவுதான்.

சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்க முடியாதவருக்கு வரிக்காக மட்டும் தரும் ஐ.டி.ஐ.என். எண் வைத்திருப்பவருக்கு மத்திய இ.ஐ.டி.சி. கிடையாது. கணவன் மனைவியில் ஒருவரிடம் அதுதான் இருக்கிறது, இருவரும் சேர்ந்து தாக்கல் செய்கிறார்கள் என்றாலும் கிடையாது. அதைக் கேட்டதும் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உட்கார வையுங்கள். கலிஃபோர்னியாவும் இல்லினாயும் தங்கள் மாநிலக் கிரெடிட்டை ஐ.டி.ஐ.என். உள்ளவர்களுக்கும் தருகின்றன.

குடியேற்றம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். "இதைக் கேட்டால் கிரீன் கார்டு பாதிக்குமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். அது வழக்கறிஞர் சொல்ல வேண்டிய பதில், இலவசமாகச் சொல்லும் சட்ட உதவி அமைப்பின் எண்ணை எழுதிக் கொடுங்கள். அதேபோல வருடத்தின் நடுவில் புதிதாக நாட்டுக்குள் வந்தவருடைய ரிட்டர்ன் தனி வகை. அதை நீங்களாகத் தொடாமல் ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். தப்பும் இங்கேதான் அதிகம் நடக்கிறது. கையில் குடும்ப விவரங்களைக் கேட்கும் ஃபார்ம் 13614-சி இருக்கும், குடும்பமே முதலில் அதைப் பூர்த்தி செய்திருக்கும். அவர்கள் எழுதியதை நம்பி அப்படியே தட்டச்சு செய்யாதீர்கள். ஒவ்வொரு வரியையும் வாயால் திரும்பக் கேளுங்கள்.

குழந்தை கணக்கில் சேர மூன்று விஷயம் பார்க்க வேண்டும். உறவு: மகன், மகள், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை வழிப் பிள்ளை, பேரன், பேத்தி, தம்பி, தங்கை, அண்ணன் மகன், அக்கா மகள், முறைப்படி ஒப்படைக்கப்பட்ட வளர்ப்புக் குழந்தை எல்லாம் சேரும். வயது: வருடக் கடைசியில் 19க்குக் கீழ், முழுநேர மாணவர் என்றால் 24க்குக் கீழ், நிரந்தரமான முழு ஊனம் என்றால் வயதே பார்க்க வேண்டாம். ஆறாவது வகுப்பு படிக்கும் தம்பியைத் தன் சம்பளத்தில் வளர்க்கிற 23 வயது அண்ணனுக்குத் தனக்கு எதுவும் இல்லை என்ற நினைப்பு. கேட்டால்தான் தெரியவரும். பேரனை வளர்க்கும், பள்ளிக் கூடத்தில் துப்புரவு வேலை செய்யும் பாட்டிக்கும் அப்படித்தான்.

மூன்றாவது, ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில், உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவரோடு, பாதி வருடத்துக்கு மேல். இந்தக் கேள்வியை "குழந்தை உங்களோடு இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாம்" என்பார்கள். மாதம் மாதமாகக் கேளுங்கள். ஜனவரியில் எங்கே தூங்கினான்? பள்ளி திறக்கும்போது? தீபாவளிக்கு? நம் குடும்பங்களில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. அப்பா அம்மா இருவரும் ஷிஃப்ட் வேலை பார்க்கும் வீட்டில், கைக்குழந்தையை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வருவது உண்டு. கோடை விடுமுறைக்குத் திருச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்த் திரும்பும் பிள்ளை அந்த நாட்களிலும் இந்த வீட்டில் இருந்ததாகவே கணக்கு. ஆனால் வருடத்தில் பத்து மாதம் பாட்டி வீட்டிலேயே வளர்ந்த குழந்தைக்கு, இங்கே பிறந்த அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும், அந்த வருடம் இ.ஐ.டி.சி. கேட்க முடியாது. அதைச் சொல்வது கஷ்டம். ஏற்கெனவே பிள்ளையைப் பிரிந்த வலியில் இருப்பவரிடம் சொல்கிறோம். மெதுவாகச் சொல்லுங்கள், அடுத்த வருடம் பிள்ளை வந்ததும் மறக்காமல் வரச் சொல்லுங்கள்.

ஒரு பிள்ளையை ஒருவர்தான் கேட்க முடியும். ஒரே வீட்டில் அம்மாவும் பாட்டியும் வேலைக்குப் போகிறார்கள் என்றால் இருவரும் கேட்டால் அம்மாவுக்கே முன்னுரிமை. பிரிந்து வாழும் அப்பா அம்மா இருவரும் கேட்டால் பிள்ளை யாரோடு அதிக நாள் தூங்கியதோ அவருக்கு. நாளும் சமமாக வந்தால் வருமானம் அதிகம் உள்ளவருக்கு. பிரிந்திருப்பவர் முன்கூட்டியே அந்தப் பிள்ளையைப் போட்டுத் தாக்கல் செய்துவிட்டால் மின்வழித் தாக்கல் திரும்பி வரும். பயப்பட வேண்டாம், அதற்கும் வழி இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் செய்து கொடுப்பார்.

கணவன் மனைவி தனித்தனியாகத் தாக்கல் செய்தால் பொதுவாகக் கிரெடிட் போய்விடும். சட்டப்படி விவாகரத்து ஆகாமல், ஆனால் வருடத்தின் கடைசி ஆறு மாதம் வேறு வேறு வீட்டில் வாழ்ந்து, பிள்ளையைத் தன்னோடு வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. அடி வாங்கி வீட்டை விட்டு வந்த பெண்கள் இந்த வரிசையில் வருவார்கள். அவர்களிடம் கேள்வியைப் பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் கேளுங்கள். முடிந்தால் தனி அறைக்கு அழைத்துப் போங்கள்.

குழந்தை இல்லாதவர்களை மறக்க வேண்டாம். 25 முதல் 64 வயதுக்குள், 2025இல் 19,104 டாலருக்குக் கீழே சம்பாதித்த தனி ஆளுக்கும் சின்னத் தொகை உண்டு. நியூ ஜெர்சி தன் பங்கை 18 வயதிலிருந்தே தருகிறது. ஊரில் உள்ள அப்பா அம்மாவைத் தங்களைச் சார்ந்தவர்களாக ரிட்டர்னில் சேர்க்க முடியுமா என்றும் கேட்பார்கள். அவர்கள் இங்கே குடியிருப்பவர்களோ குடிமக்களோ இல்லை என்றால் முடியாது.

ஐந்தாம் படி: வருமானம்

டபிள்யூ-2 இருந்தால் பிரச்சினை இல்லை. கவனம் தேவைப்படுவது கைக்காசில். ஊபர் ஓட்டுகிறவர், உணவு கொண்டு கொடுக்கிறவர், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர், வீட்டில் டிபன் சமைத்துக் கொடுக்கிற அக்கா எல்லோரும் சொந்தத் தொழில் கணக்கில் வருவார்கள். "இதெல்லாம் கணக்கா?" என்பார்கள். கணக்குதான். செலவு போக 400 டாலர் மிஞ்சினாலே தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு 15.3 சதவீதச் சுயதொழில் வரியும் உண்டு. அதே வருமானம் இ.ஐ.டி.சி.க்கும் சம்பாத்தியமாகச் சேரும்.

கார் ஓட்டுகிறவரிடம் மைல் கணக்கைக் கேளுங்கள். 2025இல் தொழிலுக்காக ஓட்டிய ஒவ்வொரு மைலுக்கும் 70 சென்ட் கழிக்கலாம். நோட்டில் எழுதி வைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் செயலியில் பயணப் பதிவு இருக்கும், அங்கேயே உட்கார்ந்து எடுத்துக்கொள்ளலாம். செலவு 35,000 டாலரைத் தாண்டினாலோ தொழிலில் நஷ்டம் என்றாலோ வீட்டாவில் செய்ய அனுமதி இல்லை.

செலவைக் கூட்டிக் குறைத்துக் கிரெடிட்டை உயர்த்தும்படி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அலட்சியமாகத் தப்புச் செய்தால் இரண்டு வருடம், ஏமாற்றினால் பத்து வருடம் இந்தக் கிரெடிட்டைக் கேட்கவே முடியாது. பத்து வருடம் என்றால் ஒரு பிள்ளையின் பள்ளிக் காலம்.

ஆறாம் படி: சரிபார்ப்பும் கையெழுத்தும்

நீங்கள் முடித்த ரிட்டர்னை வேறொரு தேர்ச்சி பெற்றவர் குடும்பத்தின் முன்னாலேயே மறுபடி பார்ப்பார். அவர் தப்புக் கண்டுபிடித்தால் மனம் சுருங்க வேண்டாம், எனக்கு இன்றைக்கும் கண்டுபிடிக்கிறார்கள். வங்கி எண்ணை மட்டும் விரல் வைத்து ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாகப் படியுங்கள். ஒரு எண் மாறினால் 9,000 டாலர் வேறெங்கோ போய் நிற்கும்.

எப்போது பணம் வரும் என்று கேட்பார்கள். சாதாரணமாக 21 நாள். ஆனால் இ.ஐ.டி.சி. உள்ள ரிட்டர்னுக்கு, ஜனவரியிலேயே போட்டாலும், பிப்ரவரி நடுவுக்கு முன் ரீஃபண்ட் விடக் கூடாது என்று 2015இல் சட்டம் வந்துவிட்டது. பிப்ரவரிக் கடைசி, மார்ச் முதல் வாரம் என்று சொல்லுங்கள். முன்கூட்டியே சொல்லாவிட்டால், வரப்போகும் பணத்தை நம்பி வட்டிக்கு வாங்கிவிடுவார்கள். ரீஃபண்ட் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஐ.ஆர்.எஸ்.ஸின் வேர் இஸ் மை ரீஃபண்ட் பக்கத்தைக் கைபேசியில் திறந்து காட்டிவிட்டு அனுப்புங்கள். அன்பளிப்பு எதுவும் வாங்கக் கூடாது. முறுக்குப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு ஓடுகிற அம்மாக்களிடமும் பணிவாகச் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

விட்டுப்போன வருடங்கள்

முதல் கேள்வியிலேயே கேட்டுவிடுங்கள்: "போன வருடம், அதற்கு முந்தின வருடம் ஃபைல் பண்ணினீர்களா?" மூன்று வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். 2023ஆம் வருடத்துக்கு 2027 ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது, அதற்குப் பிறகு அந்தப் பணம் போனதுதான். தாக்கல் செய்தார், ஆனால் கிரெடிட் கேட்காமல் விட்டார் என்றால் 1040-எக்ஸ் போட்டுத் திருத்தலாம். டபிள்யூ-2 தொலைந்திருந்தால் ஐ.ஆர்.எஸ். கணக்கிலிருந்து சம்பள விவரத்தை எடுக்கலாம்.

கடிதம் வந்தால்

ஐ.ஆர்.எஸ். முத்திரை உள்ள உறையைப் பலர் பிரிக்காமலே டிராயரில் போட்டுவிடுவார்கள். பிரிக்காமல் அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். சில கடிதம் நல்ல செய்திதான்: சி.பி.09, சி.பி.27 என்று மூலையில் இருந்தால், "உங்களுக்கு இந்தக் கிரெடிட் கிடைக்கலாம், கேட்கவில்லையே" என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். சி.பி.75 என்றால் ஆதாரம் கேட்கிறார்கள், ரீஃபண்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பள்ளியிலிருந்தோ குழந்தை மருத்துவரிடமிருந்தோ, பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், வீட்டு முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது நான்கும் உள்ள கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் முகவரிதான் விட்டுப்போயிருக்கும், அதனால் ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள். வழக்கு பெரிதானால் லோ இன்கம் டாக்ஸ்பேயர் கிளினிக் என்ற அமைப்புகள் நாடெங்கும் இருக்கின்றன, இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ வாதாடுவார்கள். ஒரு முறை கிரெடிட்டை மறுத்திருந்தால் மறுபடி கேட்கும்போது ஃபார்ம் 8862 சேர்க்க வேண்டும். போன வருடம் என்ன நடந்தது என்று கேட்காமல் விட்டால் இது தெரியாமல் போய்விடும்.

முதலில் சொன்ன அக்காவுக்கு மூன்று வருட ரிட்டர்னையும் போட இரண்டு சனிக்கிழமை ஆனது. பழைய வருடங்களைக் கொஞ்சம் சுற்றித்தான் செய்ய வேண்டியிருந்தது. 2024க்கானது மார்ச் முதல் வாரம் வங்கியில் விழுந்தது. மற்ற இரண்டும் வர மே மாதம் ஆகிவிட்டது. மையத்தில் ரிட்டர்ன் நகலைப் போட்டுத் தரும் கனமான உறை ஒன்று உண்டு. அதன் மேல் வருடத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, "அடுத்த ஜனவரியில் இதையும் கொண்டுவாருங்கள்" என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். 2026 பிப்ரவரியில் வந்தார். அதே ஜவுளிக்கடைப் பைதான், உள்ளே அந்த உறை, உறைக்குள் புது டபிள்யூ-2, மகளுடைய அட்டை, வங்கி எண் எழுதிய துண்டுச் சீட்டு. கூடவே அவர் வேலை செய்யும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள். வரிசையில் அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, எந்தத் தாளை முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்று அவரே அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.